போட்டு வாறன் என்று சொன்ன வீடு

அந்த ஊருக்குப் போகிற பஸ்சுக்கு முதல்நாளே போன் எடுத்துச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது வராது. எனக்கு அது தெரியாது. ஸ்டேஷன் வாசலில் இரண்டு மணித்தியாலம் பெட்டிக்கு மேலே குந்திக்கொண்டிருந்தேன். பிறகு வேறு வழியில்லாமல், நான் வேலை பழகப் போகிற பராமரிப்புச் சேவையின் நம்பருக்கு எடுத்தேன். ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்தது. ஓட்டி வந்த தாதிதான் அடுத்த எட்டு வாரமும் எனக்குப் பொறுப்பு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வருத்தக்காரி. இறங்காமலே கண்ணாடியை இறக்கினார்.

“நீதானோ பேர்லின் பிள்ளை? கார் ஓடத் தெரியுமோ?”

“தெரியாது.”

“சைக்கிள்?”

“தெரியாது.”

“நடப்பாய்தானே?”

இதெல்லாம் ஜெர்மனில் கதைத்ததுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் எனக்குள் எங்கள் பேச்சாகத்தான் கேட்கிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

பேர்லினிலிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில் ஒரு பாலைவனம் இருக்கிறது என்றால் பேர்லினில் இருக்கிறவர்களே நம்புவதில்லை. அது பழைய இராணுவப் பயிற்சி நிலம். வருஷக்கணக்காக டாங்கி ஓட்டி, குண்டு போட்டு, காட்டை எரித்து, கடைசியில் மணல் மட்டும்தான் மிச்சம். ஆமிக்காரர் போய் இவ்வளவு காலமாகியும் அதில் ஒன்றும் சரியாக முளைக்கவில்லை. ஊர்க்காரர் அதை ‘வ்யூஸ்ட’, பாலைவனம், என்றுதான் சொல்வார்கள். பங்குனி மாதம். மழை இல்லை. காற்று வந்தால் மணல் வரும். சப்பாத்துக்குள், தலைமயிருக்குள், காரின் கதவுச் சந்துக்குள். பாணைக் கடித்தால் நறநற என்னும். மணலோரத்தில் அங்கங்கே பலகை நட்டிருந்தார்கள்: வெடிக்காத குண்டுகள் உண்டு, உள்ளே போகவேண்டாம்.

“பயப்பிடாதை,” என்றார் தாதி. “ரோட்டை விட்டு இறங்காட்டிச் சரி.”

எனக்குப் பயமில்லை. நான் பிறந்த வன்னியில் மிதிவெடி என்று மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையைப் பார்த்துப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் போனேன். போனது என்றும் பெரிதாகச் சொல்ல முடியாது. முகாமில் ஒரு கொட்டகை, பிறகு இரண்டு மூன்று பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்போடு முடிந்தது. பதினேழு வயதில் அக்காவிடம் பேர்லினுக்கு வந்தேன். அக்காவும் அத்தானும் இருந்த இரண்டு அறை வீட்டில், நான் ஹோலில் படுத்தேன். துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த என்னை இந்தப் பராமரிப்பு உதவியாளர் படிப்பில் சேர்த்ததும் அக்காதான். படிவம் எல்லாம் அவள்தான் நிரப்பினாள். கையெழுத்து மட்டும் நான்.

கார்த்திகையில் அக்கா செத்துப்போனாள். வயிற்றில் புற்றுநோய். முப்பத்தொரு வயது.

அப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குப் பிறகும் போகவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகும் போகவில்லை. படுக்கையை விட்டு எழும்ப ஏலவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: விடுமுறை நாள் அளவுக்கு மேலே போய்விட்டது, இனி ஒரு ‘பிராக்டிக்கும்’, வேலை பழகுகிற தவணை, பாழானால் படிப்பு முடிந்தது, திரும்பச் சேர முடியாது. வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற ‘பிராக்டிக்கும்’ மட்டும் எனக்கு மிச்சம் இருந்தது. பேர்லினுக்குள் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. இந்த மணல்காட்டு இடத்தை மட்டும் ஒருத்தரும் எடுக்கவில்லை. எட்டு வாரம் முடிய இந்தத் தாதி ஒரு தாளில் ‘தேறினாள்’ என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் எனக்கு மறுபடியும் வாளியும் துடைப்பமும்தான்.

அலுவலகத்துக்கு மேலே ஒரு அறை தந்தார்கள். காலையில் ஐந்தரைக்குக் கார் வெளிக்கிடும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் பத்துக் கிலோமீட்டர் இருக்கும். தாதி பாட்டுப் போடமாட்டார். கதைக்கவும் மாட்டார். சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொளுத்தாமலே ஓட்டுவார். எனக்கு அது வசதியாக இருந்தது. நான் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு பைன் மரங்களைப் பார்ப்பேன். முதல் கிழமை முழுக்க எனக்கு ஞாபகம் இருப்பது நித்திரைதான். வேலை முடிந்து வந்து சப்பாத்தோடு படுப்பேன். எழும்பினால் தலையணையில் மணல் இருக்கும்.

வேலை தெரிந்த வேலைதான். கழுவுவது, உடுப்பு மாற்றுவது, மாத்திரைப் பெட்டியைப் பார்ப்பது, செய்ததை எல்லாம் எழுதுவது. எழுதுவதுதான் கஷ்டம். பிழை பிழையாக எழுதுவேன். தாதி பார்த்துவிட்டு, “விளங்குது, விடு,” என்பார்.

இங்கே வயது போனவர்கள் தாதியைச் சகோதரி என்ற சொல்லால்தான் கூப்பிடுவார்கள். ‘ஷ்வெஸ்டர், தண்ணி தா. ஷ்வெஸ்டர், ஜன்னலைச் சாத்து.’ அக்கா செத்து நாலு மாதத்தில், நாளைக்கு இருபது தரம் என்னை அப்படிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தரமும் ஒரு நொடி பிந்தித்தான் திரும்புவேன்.

நாங்கள் போகிற வீடுகளில் ஒன்று ஊர் முடிகிற இடத்தில், மணலோரத்தில் இருந்தது. அதற்குப் பிறகு ரோட்டும் இல்லை. அங்கே எண்பத்திநாலு வயது அம்மா ஒருத்தர் தனியாக இருந்தார். ஒருகாலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் பெரிய கிரேன் ஓட்டியவர். கை இன்னும் ஆம்பிளைக் கைபோல இருக்கும். ஆனால் இரண்டு காலும் வீங்கும். காலையில் நாங்கள் போய்க் காலை இறுக்கிப் பிடிக்கிற நீளக் காலுறையைப் போட்டுவிட வேண்டும். பின்னேரம் வேறொரு ஆள் வந்து கழற்றுவார். நடுவில் அவர் படுத்து, காலை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். மறதி தொடங்கியிருந்தது. அதற்காக ஒரு கொப்பி வைத்திருந்தார். யார் எது சொன்னாலும் அதில் எழுதிவிடுவார். எழுதினதை அப்படியே செய்வார்.

முதல்நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவ எங்கத்தையாள்?”

“பேர்லின்,” என்றேன்.

“அது எனக்குத் தெரியுது, கோட்டைப் பாத்தாலே. அதுக்கு முதல்?”

“இலங்கை.”

“அங்கை மணல் இருக்கோ?”

“இருக்கு. கடலும் இருக்கு.”

“இஞ்சை கடலை ஆரோ களவெடுத்துப் போட்டாங்கள்,” என்றார். பிறகு காலை நீட்டினார். “இழு பாப்பம். போன சிஸ்டர் இழுத்த இழுவையிலை நகம் கழண்டது.”

காலுறை போடுவது எனக்கு நன்றாக வரும். அக்காவுக்கும் கடைசி மாதம் போட்டுவிட்டிருக்கிறேன். குதியைப் பிடித்து, சுருக்கில்லாமல், மெதுவாக ஏற்ற வேண்டும். அந்த அம்மா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ம், இவ பரவாயில்லை,” என்றார். மூன்றாம் கிழமை வியாழனிலிருந்து தாதி அந்த வீட்டுக்கு என்னைத் தனியாக உள்ளே விட்டார். படி ஆறு. முழங்காலுக்கு ஏலாது. அவர் காருக்குள்ளேயே இருந்து டாக்டருக்கு போன் எடுப்பார்.

வேலை முடிந்து கதவடியில் நின்று நான் ஒவ்வொரு நாளும் சொல்வேன்: “இஷ் கொம்ம கிளைஷ் வீடர்.” இந்தா வாறன் என்கிற மாதிரி.

இதை நான் ஒரு புத்தகத்திலும் படிக்கவில்லை. அக்கா கிடந்த ஆஸ்பத்திரியில் கேட்டுப் பழகியது. அங்கே தாதிமார் அறையை விட்டு வெளியே போகும்போதெல்லாம் அதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போனால் சிலவேளை வருவார்கள், சிலவேளை வேறு ஆள் வருவார். ஓகோ, இது இவர்களுடைய ‘போட்டு வாறன்’ என்று நான் நினைத்துக்கொண்டேன். நாங்கள் ஒரு வீட்டை விட்டு வெளிக்கிடும்போது போறன் என்று சொல்வோமா? செத்தவர்கள்தான் போவார்கள். கடைக்குப் போனாலும் கனடாவுக்குப் போனாலும் போட்டு வாறன்தான். அதைக் கேட்டு யாரும் சாப்பாட்டை மூடிவைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. ஜெர்மன்காரரும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஐந்தாம் கிழமை ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் சாப்பாடு கொண்டுபோகிற வேன் டிரைவர் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். அந்த அம்மா ரோட்டோரத்தில், மணலில் இருக்கிறார், எழும்ப முடியவில்லை. நாங்கள் ஓடிப்போனோம். கோட்டுப் போட்டு, தொப்பி போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கால் நீட்டி இருந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து இரத்தம். எலும்பு முறியவில்லை. ஆனால் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, சப்பாத்து வெட்டிக் கழற்ற வேண்டியதாகப் போய்விட்டது.

“இஞ்சை என்ன செய்யிறியள்?” என்று தாதி கேட்டார்.

“சிஸ்டரைப் பாக்க வந்தனான். வாறன் எண்டு சொல்லிப்போட்டு இவ்வளவு நேரமாக் காணேல்லை. மணலுக்குள்ளை இறங்கிட்டாவோ எண்டு நினைச்சன்.” பிறகு என்னைக் கண்டார். “இந்தா நிக்கிறா. எங்கை போனனீ பிள்ளை?”

வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, காயத்தைக் கட்டினோம். குசினி மேசையில் இரண்டு கோப்பை இருந்தது. இரண்டு தட்டில் கேக். தாதி கொப்பியை எடுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளினார். பெரிய பெரிய எழுத்தில், ஒவ்வொரு நாளும், காலை ஏழரைக்குக் கீழே ஒரே வரி: சிஸ்டர் உடனே திரும்பி வருவார். பதினோரு நாள். பதினோரு நாளும் அவர் படுக்கவில்லை, காலை உயர்த்தவில்லை. சப்பாத்தோடு கதிரையில் இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

காருக்குள் ஏறினதும் தாதி முதல் தரமாகச் சிகரெட்டைக் கொளுத்தினார்.

“அவவுக்கு என்ன சொன்னனீ?”

“ஒண்டும் சொல்லேல்லை. வாறன் எண்டு சத்தியம் பண்ணேல்லை.”

“கதவடியிலை நிண்டு என்ன சொன்னனீ எண்டு கேக்கிறன்.”

சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உடனை எங்கை திரும்பி வாறாய்? நாங்கள் அதுக்குப் பிறகு பதினாலு கிலோமீட்டர் ஓடுறம்.”

“அது... எங்கடை ஆக்கள் போறன் எண்டு சொல்லமாட்டினம். அப்பிடிச் சொன்னால் செத்துப்போறதெண்டு அர்த்தம்.”

“இஞ்சை எல்லாரும் போறன் எண்டுதான் சொல்லுறது. நான் முப்பது வருசமாச் சொல்லுறன். இந்தா இருக்கிறன், முழங்கால் மட்டும்தான் செத்தது.”

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. சாம்பலை வெளியே தட்டினார்.

“நானும் உள்ளை வந்திருக்கோணும். அதை நான் அறிக்கையிலை எழுதுவன். நீ உன்ரை பங்கை எழுது. ஆனால் இதைக் கேள். நான் வைக்கிற கையெழுத்துக்கு அர்த்தம், உன்னைத் தனிய ஒரு வீட்டுக்குள்ளை விடலாம் எண்டது. மறதிக்காரருக்கு உண்மையைச் சொல்லிப்போட்டு வெளிக்கிடத் தெரியாத ஆளை நான் விடமாட்டன். மூண்டு கிழமை இருக்கு.”

அன்றைக்கு அறைக்கு வந்து பெட்டியை அடுக்கினேன். உண்மையாகவே அடுக்கினேன். சோப்பு வரைக்கும். மறுநாள் மூன்று மணி பஸ்சுக்குச் சொல்லவும் போனை எடுத்தேன். எனக்குக் கையெழுத்துப் பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை. அந்த இரண்டு கோப்பைதான் தெரிந்தது.

அக்கா செத்த அன்று நான்தான் பக்கத்தில் இருந்தேன். அத்தான் வேலையில். மத்தியானம் அக்கா கஞ்சி குடிக்க வேண்டும் போல இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவளுக்கு மணம் பிடிக்காது. “போட்டு வாறன் அக்கா,” என்றேன். “ஓம், கெதியா வா,” என்றாள். வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்தேன். குளித்தேன். குளித்திருக்க வேண்டியதில்லை. தலையும் துடைத்தேன். திரும்பி வரும்போது ரயிலுக்குள் போன் வந்தது. மடியில் கஞ்சிப் போத்தல் சூடாக இருந்தது. அறையில் நின்ற தாதி, நல்ல எண்ணத்தில்தான், சொன்னாள்: உங்கள் அக்கா இரண்டு தரம் கேட்டார், தங்கச்சி வந்துவிட்டாளா என்று. அதை நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. அத்தானுக்கும் சொல்லவில்லை.

பஸ்சுக்கு எடுக்காமல் அத்தானுக்கு எடுத்தேன்.

“சாப்பிட்டியோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“என்ன?”

“பாண்.”

“நானும் பாண்தான்.”

பிறகு நடந்ததைச் சொன்னேன்.

“ஏலாட்டி வந்திடு பிள்ளை,” என்றார். “ஆர் என்ன சொல்லுறது. துப்புரவு வேலை எங்கையும் இருக்குத்தானே.”

“படிப்புப் போயிடும் அத்தான்.”

“போனால் போகட்டும்.” பிறகு அவரே, “அக்கா இருந்தால் ஏசுவா,” என்றார்.

“ரெண்டு பேருக்கும் ஏசுவா.”

“எனக்குத்தான் கூடுதலா.”

அப்போதுதான் சொன்னேன். அக்கா இரண்டு தரம் கேட்டதை, நான் தலை துடைத்துக்கொண்டு நின்றதை.

“என்னையும் கேட்டவவாம்,” என்றார் அத்தான். “எனக்கும் அந்தத் தாதி சொன்னவ. நான் உனக்குச் சொல்லேல்லை.”

அதற்கு மேலே என்ன கதைத்தோம் என்று ஞாபகம் இல்லை. பஸ்சுக்குச் சொல்கிற நேரமும் தாண்டிப் போய்விட்டது. பெட்டியில் இருந்து சோப்பை மட்டும் வெளியே எடுத்தேன். மற்றதெல்லாம் கடைசி வரைக்கும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, தேவையானதை எடுத்து எடுத்து உடுத்தேன்.

அறிக்கையை அன்றைக்கே எழுதினேன். ஒரு பக்கம். நான் என்ன சொன்னேன், எதை நினைத்துச் சொன்னேன், அவர் எத்தனை நாள் காத்திருந்தார். எழுத்துப்பிழை நிறைய இருந்திருக்கும். தாதி வாசித்துவிட்டுப் பைலில் போட்டார். திருத்தவில்லை.

அடுத்த கிழமைகளில் தாதி ஆறு படியும் ஏறி வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் முனகிக்கொண்டு. நான் காலுறை போட்டு, காயத்தைப் பார்த்து, மாத்திரை கொடுத்து, கதவடிக்கு வருவேன். ‘நான் இப்ப போறன்’ என்று ஜெர்மனில் சொல்ல மூன்றே மூன்று சொல்தான். வாய் வராது. இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் காட்டிவிட்டு வந்தேன்.

“அதுவும் சரிவராது,” என்றார் தாதி, படியில் இறங்கிக்கொண்டே. “சொல்லாமல் வந்தால், நீ குசினிக்குள்ளை நிக்கிறாய் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பா.”

மூன்றாம் நாள் தாதியே எனக்காகச் சொல்லிவிட்டார். அது எனக்கு இன்னும் வெட்கமாகப் போய்விட்டது. பிறகு ‘நாளைக்கு ஏழரைக்கு’ என்று சொல்லப் பழகினேன், வெள்ளியென்றால் ‘திங்கள் ஏழரைக்கு’. அது பொய் இல்லை. நாளைக்கு ஏழரைக்கு வருவேன்தானே. அந்த அம்மா அதை எழுதிவைத்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தார். வீக்கம் வற்றியது. ஆனால் தாதி அந்தத் தாளை எடுக்கவில்லை. எட்டாம் கிழமை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எனக்கு ஏழரை இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை காற்று நல்லாய் அடித்தது. படியெல்லாம் மணல். தாதி வாசலில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் காலுறையைப் போட்டு முடித்து, காயம் மூடினதைப் பார்த்து, எழுதவேண்டியதை எழுதினேன். அந்த அம்மா கொப்பியைத் திறந்து பேனையை எடுத்தார்.

“நாளைக்கு ஏழரைக்கோ?”

“இல்லை,” என்றேன். “நாளைக்கு வேறை சிஸ்டர் வருவா.”

“அப்ப நீ திங்கள்.”

“திங்களும் இல்லை. எனக்கு இஞ்சை முடிஞ்சுது. நான் பேர்லினுக்குப் போறன். இனி வரமாட்டன்.”

சொல்லிவிட்டு நான் தாதியைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைத்தான் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிப்படுத்தினார்.

“ஆறுதலாச் சொல்லு. எழுதவேணும்.”

திரும்பச் சொன்னேன். இன்னொரு தரமும் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். சிஸ்டர் போகிறார். சிஸ்டர் திரும்பி வரமாட்டார்.

“வரமாட்டார் எண்டதுக்குக் கீழை கோடு போடட்டோ? இல்லாட்டி நான் பின்னேரம் மறந்துபோய்க் கேக் வெட்டிப்போடுவன்.”

“போடுங்கோ.”

இரண்டு கோடு போட்டார். பிறகு என் கையைப் பிடித்தார். அந்தக் கிரேன் ஓட்டின கையால், நோகுமளவுக்கு.

“நீ பரவாயில்லாமல் இழுத்தனீ,” என்றார். “சரி, அப்ப ஏன் நிக்கிறாய்? போ. எனக்குப் படுக்கவேணும்.”

காலைத் தூக்கித் தலையணையில் வைத்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

காருக்குள் தாதி அந்தத் தாளை எடுத்து, வைக்க வேறு இடமில்லாமல் ஸ்டியரிங்கில் வைத்து எழுதிக் கையெழுத்து வைத்தார். அழுத்தி எழுதினதில் ஹோர்ன் அடித்துவிட்டது. மணல்வெளி எங்கும் கேட்கிற மாதிரி நீளமாக. நான் திடுக்கிட்டு அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். திரைச்சீலை அசையவில்லை. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

தாதியும் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தாளை என் மடியில் போட்டார்.

“இன்னும் மூண்டு வீடு கிடக்கு,” என்று சொல்லிக் காரை எடுத்தார்.